ஆடி இ-ட்ரான்: 204 மைல் எப்படி 285 மைல் ஆச்சு, அதுல பேட்டரி பங்கு எவ்வளவு?

2018 செப்டம்பர்ல ஆடி கம்பெனி பெரிய அளவுல தயாரிக்கப் போற முதல் முழு எலக்ட்ரிக் காரை சான் ஃபிரான்சிஸ்கோவுல வெச்சு வெளியிட்டாங்க, பேரு இ-ட்ரான். உள்ள இருந்த பேட்டரி பேக் 95 கிலோவாட் ஹவர். ஒரு கிலோவாட் ஹவர்னா ஒரு யூனிட் கரண்ட் தான், அதனால இனிமே யூனிட்னே எழுதுறேன், படிக்க சுலபமா இருக்கும். அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏவோட டெஸ்ட் ரிசல்ட் வந்தப்ப ரேஞ்ச், அதாவது ஒரு தடவை ஃபுல் சார்ஜ் போட்டா ஓடுற தூரம், 204 மைல், சுமாரா 328 கிமீ. அதே சமயத்துல டெஸ்லா மாடல் எஸ் 100 யூனிட் பேக்கை வெச்சுக்கிட்டு 335 மைல் காட்டிட்டு இருந்துச்சு. பேக்ல வித்தியாசம் வெறும் 5 யூனிட், ஆனா ரேஞ்ச்ல 131 மைல். ஒண்ணு செடான், இன்னொண்ணு எஸ்யூவி, அதனால நேரா ஒப்பிடக் கூடாதுங்கறது சரிதான், இருந்தாலும் இவ்வளவு பெரிய பள்ளம் வடிவத்தால மட்டும் வந்ததில்ல.

இந்த கேஸை நான் எடுத்துக்கிட்டதுக்கு காரணம் இருக்கு. மத்த கம்பெனிங்க புது மாடல் விடும்போது பாடி, மோட்டார், செல், சாஃப்ட்வேர் எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்திடுவாங்க, எதனால எவ்வளவு கிடைச்சுதுன்னு வெளிய இருந்து பிரிச்சுப் பாக்கவே முடியாது. இ-ட்ரான்ல அப்படி இல்ல. கிட்டத்தட்ட அதே பாடி, அதே தளம் (காரோட அடிக்கட்டமைப்பு), ஆனா படிப்படியா ஒவ்வொரு திருகா திருகினாங்க: மொதல்ல பேக்ல எவ்வளவை யூஸ் பண்ண விடலாம்ங்கறது, கூடவே கார் எவ்வளவு கரண்ட் குடிக்குதுங்கறது, கடைசியா பேக்ல நிஜமாவே எவ்வளவு செல் இருக்குங்கறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்பர் வெளிய இருக்கு, வகுத்தல் தெரிஞ்சா போதும்.

பேக்குக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பாப்போம். 36 மாட்யூல், ஒவ்வொண்ணுலயும் 12 பவுச் செல் (பை மாதிரி தட்டையான பேட்டரி செல்), மொத்தம் 432. எடை ஏறக்குறைய 700 கிலோ. கீழ் வரிசைல 31 மாட்யூல், பின் சீட்டுக்கு அடியில மேல ஒரு குட்டி அடுக்கா 5 மாட்யூல். மொத்த காரே கிட்டத்தட்ட 2,500 கிலோ. இந்த தளம் பெட்ரோல் டீசல் வண்டிகளுக்காக உருவான தளத்துல இருந்து வந்தது, அதனால பேட்டரியை மனசுல வெச்சு கார் வரையல, கார்ல கிடைச்ச இடத்துக்கு பேட்டரியை வரைஞ்சாங்க. இது கடைசி வரைக்கும் துரத்தப் போற விஷயம், ஞாபகம் வெச்சுக்கோங்க.

அந்த 95 யூனிட்டையும் ஓட்டுறவங்க யூஸ் பண்ண முடியாது. 83.6 யூனிட் தான் கைக்கு கிடைக்கும். மீதி 11.4 யூனிட், அதாவது 12 சதவீதம், பஃபரா பூட்டி வெச்சிருந்தாங்க. இதை ஏமாத்து வேலைன்னு சொல்றவங்க நிறைய பேர், நான் அப்படி பாக்கல. லித்தியம் செல் உச்ச வோல்டேஜ்ல நிறைய நேரம் இருந்தா சீக்கிரம் வயசாகும், அடிமட்டத்துக்கு போனா வோல்டேஜ் சட்டுனு விழுந்து கார் கேக்குற பவரை கொடுக்க முடியாது. அதோட செல் நிரம்ப நிரம்ப சார்ஜ் வேகத்தையும் குறைச்சே ஆகணும். மேல பஃபர் விட்டா, டிஸ்பிளேல 80 சதவீதம்னு காட்டும்போது செல் உண்மையில அதைவிட கீழ தான் இருக்கும், அதனால வேகமா ஏத்திக்கிட்டே இருக்கலாம். இ-ட்ரானோட 150 கிலோவாட் சார்ஜ் 80 சதவீதம் வரைக்கும் கிட்டத்தட்ட சரியாம நேர்கோடா போனதுக்கு இந்த பஃபரும் ஒரு முக்கிய காரணம். 8 வருஷம் அல்லது 1,60,000 கிமீ வரைக்கும் 70 சதவீத கொள்ளளவுக்கு வாரண்டி கொடுத்துட்டு, ரோட்டுல அந்த செல் எப்படி வயசாகுதுன்னு இன்னும் டேட்டாவே இல்லாத ஒரு கம்பெனி பயந்து பயந்து தான் ஆரம்பிக்கும், அது நியாயம் தான். ஆனா அந்த பயத்தோட விலையை எடையா சுமக்குறது கார், காசா சுமக்குறது வாங்குறவங்க.

முதல் திருகு 2019 கடைசியில வந்துச்சு. பேக் அதே 95, ஒரு செல் கூட கூட்டல. ஆனா யூரோப்ல ரேஞ்ச் அளக்குற டெஸ்ட்டான டபிள்யூஎல்டிபி கணக்குப்படி ரேஞ்ச் 25 கிமீ ஏறி 436 கிமீ ஆச்சு. என்னென்ன பண்ணாங்கன்னு பாத்தா எனக்கு இந்த கட்டம் தான் ரொம்ப பிடிச்சது, ஏன்னா எல்லாமே சின்னச் சின்ன வேலை.

பிரேக்கை எடுத்துக்கோங்க. நாம காலை எடுத்த பிறகும் பிரேக் பேட் டிஸ்க்கை லேசா உரசிக்கிட்டே இருக்கும், எல்லா கார்லயும் இது உண்டு, பெட்ரோல் வண்டியில இஞ்சினே அவ்வளவு சூட்டை வீணடிக்குறதால இதை யாரும் பெருசா கண்டுக்கல. எலக்ட்ரிக் கார்ல கதை வேற. இ-ட்ரான்ல வேகம் குறைக்குற சமயங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல ரீஜென்லயே (மோட்டாரே ஜெனரேட்டரா மாறி வேகத்தை குறைச்சு, கரண்டை பேட்டரிக்கு திருப்பி அனுப்புறது) முடிஞ்சிடும்னு ஆடி சொல்றாங்க, அதாவது பிரேக் பேடுக்கு வேலையே அபூர்வம், ஆனா அது நாள் முழுக்க சும்மா உரசி கரண்ட் தின்னுட்டு இருக்கு. அதனால பிரேக் டிசைனை மாத்தி பேட் டிஸ்க்கை விட்டு சுத்தமா விலகி நிக்குற மாதிரி பண்ணாங்க. இதை மார்க்கெட்டிங்ல பெருசா காட்டவே முடியாது, ஆனா யாரோ ஒரு இஞ்சினியர் டெஸ்ட் பெஞ்ச்ல உக்காந்து இழுவையை நியூட்டன் நியூட்டனா அளந்திருந்தா தான் இது நடந்திருக்கும், அந்த வேலை மேல எனக்கு ரொம்ப மரியாதை. 1 நியூட்டன் இழுவையை குறைச்சா 100 கிமீக்கு 0.028 யூனிட் மிச்சம். கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா நாலு சக்கரத்துல சேத்து 20 நியூட்டன் குறைஞ்சாலே அரை யூனிட்டுக்கு மேல வந்துடுது.

அடுத்தது முன் மோட்டார். இ-ட்ரான்ல முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு, ரெண்டுமே இண்டக்ஷன் மோட்டார். சாதாரணமா போகும்போது பின் மோட்டாரே போதும், முன்னாடி இருக்கறதை கிட்டத்தட்ட முழுசா துண்டிச்சு கரண்ட் போகாம வெச்சுட்டாங்க, ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிச்சா மட்டும் அது எழுந்து வரும். இண்டக்ஷன் மோட்டார்ல காந்தம் கிடையாது, கரண்ட் இல்லேன்னா காந்தப் புலமும் இல்ல, அதனால அது சக்கரத்தோட சேந்து சும்மா சுத்தும், பெருசா பிடிச்சு இழுக்காது. நிரந்தர காந்தம் வெச்ச மோட்டார் வேலை செய்யும்போது இதைவிட எஃபிசியன்ட், ஆனா சும்மா சுத்த விட்டா அதோட காந்தமே இழுக்கும், அதனால தான் ஹூண்டாய் அவங்களோட ஆல் வீல் டிரைவ் வண்டிகள்ல முன் மோட்டாரை சக்கரத்துல இருந்து கழட்டி விடுற ஒரு பொறி வெச்சாங்க.

இதோட கூலண்ட் ஓடுற அளவையும் குறைச்சாங்க, பம்ப் குடிக்கிற கரண்ட் குறைஞ்சுது. கடைசியா பஃபரை சுருக்கினாங்க, 83.6 இருந்தது 86.5 ஆச்சு, 88 சதவீதத்துல இருந்து 91.

இப்ப வகுத்தல். அமெரிக்காவுல 2021 மாடல் எஸ்யூவிக்கு இபிஏ ரேஞ்ச் 222 மைல் வந்துச்சு, 204ஐ விட 8.8 சதவீதம் அதிகம். யூஸ் பண்ணக் கிடைக்குற பேட்டரி கூடினது 3.5 சதவீதம். மிச்சம் 5 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல, அது சுத்தமா எஃபிசியன்சியால வந்தது. 100 கிமீக்கு பேட்டரியில இருந்து இழுக்குறது 25.5 யூனிட்டா இருந்தது 24.2 ஆச்சு. ஒரு செல் கூட சேக்காம இவ்வளவு.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். 2018 செப்டம்பர் நடுவுல இருந்து 2019 நவம்பர் கடைசி வரைக்கும் தயாரான பழைய வண்டிகளுக்கும் 2022ல ஆடி ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் கொடுத்தாங்க, அதுல 20 கிமீ வரைக்கும் கூடும்னு சொன்னாங்க, பஃபரையும் திறந்து விட்டாங்க, மோட்டார் கண்ட்ரோலையும் கூலிங்கையும் திருத்தினாங்க. வித்து முடிச்ச காருக்கு மூணு வருஷம் கழிச்சு ரேஞ்ச் கொடுக்குறதுங்கறது பெட்ரோல் காலத்துல நினைச்சுக்கூட பாக்க முடியாது. ஜாகுவாரும் ஐ-பேஸுங்கற அவங்க எலக்ட்ரிக் காருக்கு 2019 டிசம்பர்ல இதே மாதிரி 20 கிமீ வரைக்கும் கூட்டுற அப்டேட் விட்டாங்க, பேக் அதே 90 யூனிட் தான், அவங்க நடத்தின ரேஸ்ல இருந்து கத்துக்கிட்டதை ரோடு கார்ல போட்டாங்க. ரோட்டுல இருந்து டேட்டா வரவர பயம் குறையுது, பூட்டி வெச்சதை கொஞ்சம் கொஞ்சமா திறக்குறாங்க, பஃபரை நான் இப்படித்தான் புரிஞ்சுக்கறேன்.

2022 நவம்பர்ல பேரு க்யூ8 இ-ட்ரான்னு மாறுச்சு, பெரிய திருகு அப்பதான். பெரிய பேட்டரி வெச்ச 55ங்கற மாடல்ல பேக் 95ல இருந்து 114 யூனிட், யூஸ் பண்ணக் கிடைக்குறது 106. பேக்கோட வெளி அளவு மட்டும் அப்படியே. அதே பெட்டியில 20 சதவீதம் அதிகமா அடைச்சிருக்காங்க. ஒரு முக்கிய வழி செல்லுக்குள்ள எலக்ட்ரோடை சுருட்டி வைக்காம தகடு தகடா அடுக்குறது. சுருட்டினா ஓரத்துல வளைவு வரும், செவ்வக பெட்டியோட மூலையில இடம் வீணாகும், அடுக்கினா மூலை வரைக்கும் நிரம்பும். கெமிஸ்ட்ரியும் சேந்து மாறியிருக்கு. பஃபர் இன்னும் சுருங்கி 7 சதவீதத்துக்கு வந்துடுச்சு, அதாவது 12, 9, 7ன்னு நாலு வருஷத்துல இறங்கியிருக்கு.

எஃபிசியன்சி பக்கமும் சும்மா இருக்கல. பின் மோட்டார்ல காயில் 12ல இருந்து 14 ஆக்கினாங்க, அதே கரண்ட்டுக்கு காந்தப் புலம் பலமா வரும், அப்ப அதே டார்க்குக்கு கரண்ட் கம்மியா போதும். முன் சக்கரத்துக்கு முன்னாடி அடியில காத்தை விலக்குற தடுப்பு வெச்சாங்க, ரேடியேட்டர் சந்துல காத்து கசியாம அடைச்சாங்க, டிராக் நம்பர், அதாவது காரோட வடிவத்தை காத்து எவ்வளவு தடுக்குதுங்கற அளவு, எஸ்யூவிக்கு 0.28ல இருந்து 0.27, கூரை பின்பக்கம் சரியுற ஸ்போர்ட்பேக் மாடலுக்கு 0.26ல இருந்து 0.24.

ரிசல்ட்? 2024 மாடல் இபிஏ ரேஞ்ச் 285 மைல். 222ஓட ஒப்பிட்டா 28 சதவீதம் அதிகம். அதுல பேட்டரி தந்தது 22.5 சதவீதம், எஃபிசியன்சி தந்தது 5 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மி. 100 கிமீக்கு 23.1 யூனிட். ஆரம்பத்துல இருந்து மொத்தமா பாத்தா 328 கிமீ 459 கிமீ ஆகியிருக்கு, யூஸ் பண்ணக் கிடைக்குற பேட்டரி 27 சதவீதம் வளந்திருக்கு, எஃபிசியன்சி 10 சதவீதம். பழைய 83.6 யூனிட்டையே வெச்சு இந்த புது எஃபிசியன்சியை மட்டும் போட்டிருந்தா சுமார் 362 கிமீ வந்திருக்கும். அதாவது மோட்டார், பிரேக், கூலண்ட், காத்துன்னு நாலு வருஷம் போட்ட உழைப்பு தனியா 34 கிமீ, மத்ததுல பெரும்பகுதியை பேட்டரி தான் சுமந்துச்சு.

டெஸ்ட் பத்தி ஒரு எச்சரிக்கை, இல்லேன்னா இந்த நம்பரை தப்பா எடுத்துப்பீங்க. இபிஏ ரேஞ்ச்ங்கறது லேப்ல ரோலர் மேல ஓட்டி எடுக்குறது, அதுல வர்ற நம்பரை பொதுவா 0.7ஆல பெருக்கி குறைப்பாங்க, ஆனா கம்பெனி கூடுதல் டெஸ்ட்டையும் ஓட்டினா அந்த குறைப்பு கொஞ்சம் மாறலாம். அதனால ரெண்டு கம்பெனி நம்பரை எடுத்து தசமம் வரைக்கும் சண்டை போடுறதுல அர்த்தம் இல்ல. டபிள்யூஎல்டிபி நம்பரோட இபிஏ நம்பரை கலக்கவே கூடாது, டபிள்யூஎல்டிபி நம்பர் பொதுவா பெருசா வரும்.

சரி, ஏன் எஃபிசியன்சியில இதுக்கு மேல இழுக்க முடியல? காத்து. முன்பக்க பரப்பு 2.6 சதுர மீட்டர்னு ஒரு எஸ்யூவியை வெச்சுக்குவோம், டிராக் நம்பர் 0.28, வேகம் மணிக்கு 120 கிமீ. காத்தை கிழிக்க மட்டுமே 100 கிமீக்கு 13.5 யூனிட் போயிடும். 0.27 ஆக்கினா 13. பாடியை முழுசா மாத்தாம செய்யக்கூடிய அத்தனையும் செஞ்சு கிடைச்சது அரை யூனிட். அதே 120ல பரப்பு 2.35, டிராக் 0.21ன்னு ஒரு தாழ்வான காரை வெச்சா 9.1 யூனிட்ல முடிஞ்சிடும். நாலு யூனிட்டுக்கு மேல வித்தியாசம், அதுவும் மோட்டார்ல கையே வைக்காம. மோட்டாரும் இன்வெர்ட்டரும் (பேட்டரியோட டிசி கரண்டை மோட்டாருக்கு ஏசியா மாத்துறது) ஏற்கனவே 90 சதவீதத்துக்கு மேல எஃபிசியன்ட், அங்க சுரண்டுறதுக்கு மிச்சம் இருக்கறது கொஞ்சம் தான். உயரமா அகலமா ஒரு கார் வேணும்னு முதல் நாள் பேப்பர்ல கோடு போட்டப்பவே பாதிக்கு மேல முடிவாயிடுச்சு.

எடையை எல்லாரும் திட்டுவாங்க, அது பாதி தான் சரி. 2,500 கிலோ காருக்கு டயர் உருளுற எதிர்ப்பு 100 கிமீக்கு சுமார் 6 யூனிட், 100 கிலோ கூடினா கால் யூனிட் கூடும், அவ்வளவுதான். மேடு ஏறினது இறங்கும்போது ரீஜென்ல கணிசமா திரும்பி வந்துடும். அதனால ஹைவே ரேஞ்ச்ல எடையை விட காத்து தான் பெரிய எதிரி. எடை அடிக்குறது வேற இடத்துல: பெரிய பேக்கை தாங்க பாடி பலமா வேணும், அதை நிறுத்த பெரிய பிரேக், தாங்க பெரிய டயர், அகலமான டயர்னா திரும்பவும் காத்து. ஜிஎம்மோட ஹம்மர் எலக்ட்ரிக்ல பேக் மட்டுமே 1,300 கிலோ, மொத்த வண்டி 4,000 கிலோவை தாண்டுது, 200 யூனிட்டுக்கு மேல பேட்டரி வெச்சும் கம்பெனி சொன்ன ரேஞ்ச் 329 மைல். இந்த சங்கிலி பிடிச்சா எங்க கொண்டு போய் விடும்னு காட்ட அது ஒண்ணே போதும்.

இதை வெச்சு பாக்கும்போது ஆடி பேட்டரியை கூட்டினதுல தப்பே சொல்ல மாட்டேன், அந்த பாடிக்குள்ள இருந்துக்கிட்டு அவங்களுக்கு வேற வழி இல்ல. ஆனா எஃபிசியன்சிக்கும் சைஸுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, அது ரேஞ்ச் நம்பர்ல தெரியாது. பேட்டரியை கூட்டினா ரேஞ்ச் கூடும், ஆனா அதை நிரப்புற கரண்ட்டும் கூடும். எஃபிசியன்சி கூடினா அதே சார்ஜரே வேகமான சார்ஜர் மாதிரி ஆயிடும். முதல் இ-ட்ரான்ல 5ல இருந்து 80 சதவீதம் ஏத்த சுமாரா 30 நிமிஷம், அதாவது 63 யூனிட் கிட்ட ஏறும், அது 100 கிமீக்கு 25.5 குடிக்கும்போது 246 கிமீ ஓடும். அதே 63 யூனிட்டை 23.1 குடிக்குற க்யூ8ல போட்டா 271 கிமீ. சார்ஜர் அதே, நேரம் அதே, 25 கிமீ சும்மா கிடைக்குது, ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும்.

டெஸ்லா அதே வருஷங்கள்ல எதிர்ப்பக்கமா போனாங்க. 100 யூனிட் பேக்கை பெருசா தொடல. 2019 ஏப்ரல்ல முன் மோட்டாரை நிரந்தர காந்த வகைக்கு மாத்தி, பின்னாடி இண்டக்ஷனையே விட்டு, 335 மைலை 370 ஆக்கினாங்க. 2020ல எடையை குறைச்சு, வீலையும் டயரையும் மாத்தி, பின் டிரைவ் யூனிட்ல மெக்கானிக்கல் ஆயில் பம்ப்புக்கு பதிலா எலக்ட்ரிக் பம்ப் வெச்சு 402 மைலுக்கு கொண்டு வந்தாங்க. 20 சதவீதம், ஏறக்குறைய அதே அளவு பேட்டரியில. தாழ்வான செடானா இருந்ததால ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் பலன் பெருசா தெரிஞ்சுது, காத்து மொத்த செலவையும் முழுங்கல.

க்யூ8 இ-ட்ரான் ரொம்ப நாள் நிக்கல. விலை கூடின எலக்ட்ரிக் கார்களுக்கு டிமாண்ட் குறைஞ்சுதுன்னு சொல்லி ஆடி அதை நிறுத்தினாங்க, அதை தயாரிச்ச பிரசல்ஸ் ஃபேக்டரியையே 2025 பிப்ரவரி கடைசியில மூடிட்டாங்க. சுமார் 3,000 பேர் வேலை பாத்த இடம் அது. அந்த பிரேக் பேடை விலக்கி வெச்ச காரை கையால கோத்தவங்க அவங்க தான், அதனால இந்த கேஸை வெறும் நம்பரா மட்டும் எழுத எனக்கு மனசு வரல.

அதுக்கு முன்னாடியே அடுத்த தளம் வந்துடுச்சு, இந்த தடவை எலக்ட்ரிக்குக்குன்னே போர்ஷேவோட சேந்து வரைஞ்சது, 800 வோல்ட். பேக்ல 36 மாட்யூல் 12 ஆச்சு, 432 செல் 180 ஆச்சு, நடுவுல இருந்த சுவரும் வயரும் குறைஞ்சுது. பேக் 100 யூனிட், யூஸ் பண்ணக் கிடைக்குறது 94.9, க்யூ8ஐ விட 11 யூனிட் சின்னது. க்யூ6 இ-ட்ரான்ல இதை போட்டா டபிள்யூஎல்டிபி ரேஞ்ச் 641 கிமீ வரைக்கும். க்யூ8 எஸ்யூவிக்கு அதே டெஸ்ட்ல 582. க்யூ6 ஒரு சைஸ் சின்ன கார், ரேஞ்ச் அதிகமா வர்றது பின் சக்கர டிரைவ் மாடல்ல, அதையும் கணக்குல எடுத்துக்கணும். ஆனா அதே 94.9 யூனிட் பேக்கை, அதே தளத்துல, டிராக் நம்பர் 0.21 உள்ள ஏ6 ஸ்போர்ட்பேக்ல வெச்சப்ப 756 கிமீ வரைக்கும் போகுது. யூஸ் பண்ணக் கிடைக்குற யூனிட்டை ரேஞ்சால வகுத்தா க்யூ8க்கு 100 கிமீக்கு 18.2, க்யூ6க்கு 14.8, ஏ6க்கு 12.6. கடைசி ரெண்டுக்கும் நடுவுல இருக்குற 115 கிமீல பேட்டரிக்கு பங்கே இல்ல, கூரையோட உயரமும் பின்பக்கம் சரியுற கோடும் தான் அதுல பெரும்பகுதி.